படிவத்தில் உன் பெயர்

உடையார்கட்டு
20.06.2025

அன்புள்ள மகள் சுதாஜினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். வீட்டில் நான் ஒருத்திதான் என்றபடியால் எல்லோரும் சுகம் என்று எழுதினாலும் பிழையில்லை. உகண்டாவில் நீயும் சுகமாக இருக்கவேண்டுமென்று பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கென்று நினைப்பாய். போனில் நான் தொடங்கினால் ‘பிறகு கதைப்பம் அம்மா, வாகனம் வந்திட்டுது’ என்பாய். கடிதத்தை இடையில் வெட்ட ஏலாது. பக்கத்து வளவு ஜெகதீஸ்வரி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவா. வாசிக்கமாட்டன் என்று சொல்லியிருக்கிறா, அவா வாசிக்காமல் விட்டால் மழைதான் பெய்யும்.

வயலை இந்தப் போகமும் குத்தகைக்கே விட்டுவிட்டேன். அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, அது முடிந்து நீ திரும்பப் பிளேன் ஏறி மூன்று வருசம், ஒரு ஆளுக்கு உலை வைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை, மிஞ்சுகிற சோறு கோழிக்கு. போன செவ்வாய் பின்னேரம் எங்கள் கிராமசேவகர் விதானையார் வாக்காளர் படிவத்தோடு வந்து படலையில் நின்று கூப்பிட்டார். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. அன்றைக்கு நான் வாய் திறந்த முதல் தரம் அதுதான். அவர் கதிரையில் இருந்துகொண்டு வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார், ரெண்டு என்றேன். ‘மகள் இஞ்சை இல்லையே அக்கா, வெளிநாடு போய் அஞ்சு வருசமாப் போச்சு, இந்தமுறை பேரை வெட்டத்தான் வேணும்’ என்றார். ‘ஆவணியில வாறா’ என்று சொல்லிவிட்டேன். சுத்தப் பொய். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் நிவாரண அட்டையில் ஒரு பெயரை வெட்ட விட்டால், திரும்ப ஏற்ற எத்தனை கந்தோர் ஏறி இறங்கவேண்டும் என்று உனக்குத் தெரியும்தானே. அப்பா காய்ச்சலோடு வரிசையில் நின்று உன் பெயரைக் காப்பாற்றினவர். அந்தப் பழக்கம் என் நாக்கில் கிடக்கிறது. விதானையார் நல்ல மனுசன், ‘அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை வாறன், யோசிச்சுச் சொல்லுங்கோ’ என்று படிவத்தை வைத்துவிட்டுப் போனார்.

போன மாதம் ஒரு மணித்தியாலம் சந்தோசமாகக் கதைத்தாய். முகாமிலிருந்து ஊர் திரும்பின அந்த நாட்டுத் தாய்மாரிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், பட்டணம் போய் வராத பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களாம். உன்னோடு ஆய்வு செய்கிற பொருளாதாரக்காரர் அது பிழையான தகவல் என்றாராம், உங்கள் குழுவில் இருக்கிற டொக்டர் அம்மா அது மறதி என்றாவாம், நீ மட்டும் பிழையில்லை, அவர்கள் வீடென்று சொல்வது அதைத்தான் என்று வாதாடினாயாம். கெட்டிக்காரி. அந்தத் தாய்மாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ரெண்டு வருசம் மண் ரோட்டில் அலைந்திருக்கிறாய், என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு அது கவலைதான், மறைக்க என்ன இருக்கு. அங்கேயே இன்னும் ஐந்து வருசத்துக்கு வேலை வந்திருக்கு, எடுக்கட்டோ என்று நீ கேட்டதற்கு, எடு பிள்ளை, எனக்கென்ன குறை என்றேன். அதுவும் விதானையாருக்குச் சொன்னது மாதிரித்தான். குறை இருக்கு. நீ இல்லாதது குறை. அதற்காக வேலையை விட்டுவிட்டு வா என்று கேட்கமாட்டேன், என்னோடு குசினிக்குள் குந்தியிருக்கவா உன்னைப் படிப்பித்தோம். வரமாட்டாய் என்றால் வரமாட்டன் என்று சொல்லு. உன் பெயரை நானே வெட்டச் சொல்வேன், தாங்குவேன். வருசா வருசம் ஆவணி என்று சொல்லிக்கொண்டு அந்த மனுசனின் முகத்தைப் பார்க்க என்னால் ஏலாது.

மலேரியாக் குளிசையை ஒழுங்காகப் போடு, கொதித்தாறின தண்ணீரையே குடி. பிள்ளையார் உன் பக்கத்தில் நிற்பார், தொட்ட காரியம் துலங்கும். விதானையார் வருகிற வெள்ளிக்கிழமைக்கு முதல் போன் எடு. எடுத்தவுடன் சுகமோ அம்மா என்று தொடங்காதே, வாறியோ இல்லையோ என்பதை முதலில் சொல்லு. சுகத்தைப் பிறகு விசாரிக்கலாம்.

நீ எதைச் சொன்னாலும் உன் அம்மா,
விமலேஸ்வரி