கரகத் துறைக் கோரையில்

15.02.2004, ஞாயிறு

காலையில் பனி. பிறகு வெயில். ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டேன்.

இதை எழுதி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரி பேச்சியம்மா துணி துவைத்து, காயப்போட்டு, வந்து எட்டியும் பார்த்துவிட்டாள். "இன்னும் அந்த ரொட்டியத்தான் எழுதுறீங்களா?" என்றாள்.

ஆமாம். எழுபது வயதில் எழுத வந்தவனுக்கு ரொட்டி என்று எழுதுவதே ருசியாக இருக்கிறது.

22.02.2004, ஞாயிறு

எங்கள் தேயிலைத் தோட்டம் லிந்துலைக்கு மேலே. குளத்தைச் சுற்றி நாலு லயம், வரிசை வரிசையாக ஒற்றை அறை வீடுகள். எங்கள் காம்பரா வாசலில் நின்றால் தண்ணீர் முழுவதும் தெரியும். போன வருஷம் கண் ஆபரேஷன் செய்யும் வரை எனக்கு அது வெறும் வெளிச்சம்தான். இப்போது முங்குக் கோழியின் கழுத்துச் சிவப்புகூடத் தெரிகிறது. சின்னப் பறவை. இங்கே முங்கினால் நாம் நினைக்காத இடத்தில் எழும்பும். புத்தகத்தில் அதற்கு முக்குளிப்பான் என்று பேராம். சிவகௌரி டீச்சர் சொன்னார். திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன்.

டீச்சருக்கு ஊர் யாழ்ப்பாணம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் என்னைப் போன்ற கிழடுகளுக்குப் பாடம் எடுக்கிறார். அவரும் லயத்து ஆட்களான நாங்களும் சேர்ந்து தை மாதம் குளச் சங்கம் ஆரம்பித்தோம். குளத்தில் குப்பை கொட்டுகிறவர்களைத் திட்டுவது என் பொறுப்பு. சம்பளம் இல்லாமலே சந்தோஷமாகச் செய்கிறேன்.

07.03.2004, ஞாயிறு

சிரமதானம். குளத்தைச் சுத்தம் செய்ய நாலு லயமும் இறங்கியது. சொப்பிங் பேக், போத்தல், ஒற்றைச் செருப்புகள், ஓட்டை வாளி. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பேச்சியம்மாவின் அண்ணன் ஆண்டியப்பன் முன்பு கங்காணி, இப்போது கோயில் தலைவர். கரையில் நின்று சத்தம் போட்டார். "ஒரு பில்லு மிச்சம் இருக்கக் கூடாது! தேயில மலை மாதிரி இருக்கணும்!" நாங்களும் அப்படியே செய்தோம். கோரை, பாசி, எல்லாம் வேரோடு. புல் நின்றால் ஏச்சு விழும் என்று வாழ்நாள் முழுக்கப் பழகிய கைகள். சுத்தம் என்றால் எங்களுக்கு அதுதான்.

பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி, மிதந்துகொண்டிருந்த அழுகின புல் குவியல் ஒன்றைக் கம்பால் இழுத்துக் கரையில் போட்டாள். உள்ளேயிருந்து முட்டைகள் உருண்டன. ஒன்று உடைந்தது.

"ஐயோ, இது கூடல்லோ!" என்றார் டீச்சர்.

"குப்பன்னு நெனச்சேன் டீச்சர்... சத்தியமா குப்பன்னுதான்..." நாகலெட்சுமி அழுதுவிட்டாள்.

"எனக்கும் தெரியாது பிள்ளை. அழாதையும்."

மிச்ச முட்டைகளை வைத்துக் கூட்டை மறுபடியும் மிதக்கவிட்டோம். முங்குக் கோழி எழும்பிப் போகும்போது அழுகின புல்லை இழுத்து முட்டையை மூடிவிட்டுத்தான் போகுமாம். டீச்சர் பின்னேரம் புத்தகத்தில் பார்த்து வந்து சொன்னார். காகத்தை ஏமாற்றத்தான். ஏமாந்தது நாங்கள்.

09.03.2004, செவ்வாய்

தாய் வரவில்லை. காகம் வந்தது.

28.03.2004, ஞாயிறு

கூடு கட்டுகின்றன! அதே ஜோடி!

கரகத் துறையில் மட்டும்தான் கோரை மிச்சம். அம்மன் திருவிழாவுக்கு அங்கேதான் கரகம் பாலிப்போம், குடத்தைச் சோடித்துப் பூசை வைத்து எடுப்போம். முதல் நாள் கோயில் ஆட்கள்தான் கோரையை வெட்டி இடம் ஒதுக்குவார்கள். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. அதனால் சிரமதானத்தில் தப்பிவிட்டது. அந்தக் கோரைக்குள் இரண்டும் மாறி மாறிப் புல் கொண்டுவந்து சேர்க்கின்றன.

சந்தோஷத்தில் வெற்றிலையைக் காம்போடு மென்றுவிட்டேன். பிறகுதான் யோசித்தேன் — கரகம் சித்திரையில் அல்லவா?

04.04.2004, ஞாயிறு

கரகம் 23ஆம் திகதி. குஞ்சு பொரிக்க அதற்குப் பிறகும் சில நாள் ஆகும் என்கிறார் டீச்சர். இந்த வருஷம் மட்டும் வேறு துறையில் வைக்கலாமா என்று கூட்டத்தில் கேட்டார்.

ஆண்டியப்பன் சொன்னார்: "எங்க அப்பன் காலத்துல இருந்து அங்கதான். ஒரு குருவிக்காக ஆத்தா எடம் மாறணுமா? நீங்க பாடத்தப் பாருங்க டீச்சர், கோயில நாங்க பாத்துக்குறோம்."

நான் எழும்பி, பாவம், கூட்டை ஒருதரம் கலைத்தாயிற்று, மறுபடியும் வேண்டாம் என்றேன்.

"மச்சானுக்குக் கண்ணத் தெறந்து விட்டாங்க, வாயும் சேந்து தெறந்துருச்சு!" என்றார் ஆண்டியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் சிரிப்பு இல்லை. என் கண்ணுக்காகப் பேச்சியம்மா தீச்சட்டி நேர்ந்திருக்கிறாள். அந்தத் துறையிலிருந்து எடுப்பதாகத்தான் நேர்த்தி. "ஒங்க கண்ணுக்கு நேந்தது. அந்தக் கண்ணால குருவியப் பாத்துட்டு, என் நேத்தியவே மாத்தச் சொல்றீங்களா?"

அவள் சொல்வதும் நியாயம். அந்தப் பறவை என்ன பாவம் செய்தது? ஒன்றும் புரியல.

09.04.2004, வெள்ளி

கோயிலில் பூக் கேட்டோம். சிவப்பு வந்தால் பழைய துறை. வெள்ளை வந்தால் வேறு துறை. பூசாரி செல்லசாமி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்துக் குலுக்கி, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னார்.

சிவப்பு.

டீச்சர் தலை குனிந்துகொண்டார். ஆண்டியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டு, "ஆத்தாளே சொல்லிட்டா" என்றார்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து பேச்சியம்மாவின் குரல். "அண்ணே, அந்தத் தொறைக்கு வர்றேன்னுதான ஆத்தா சொல்லியிருக்கா? கோரைய வெட்டச் சொன்னாளா?"

"அது... தொறைன்னா வெட்டுறதுதானம்மா."

"அதக் கேட்டீங்களா?"

"அப்புடி ஒண்ணொண்ணாப் பூக் கேக்க முடியுமா?"

"கேக்கலைல? அப்ப வெட்டாதீங்க. நான் ஓரமா நடந்துக்குவேன்."

செல்லசாமிதான் முதலில் சிரித்தார். ஆண்டியப்பன் தலையைச் சொறிந்தார். தங்கச்சியிடம் அவர் எப்போதும் தோற்பவர்தான். அதை நான் ஊர் முன்னால் பார்த்தது இன்றைக்குத்தான்!

23.04.2004, வெள்ளி

கரகம். கோரையை வெட்டவில்லை. வெடி கொளுத்தவில்லை. தப்படிப்பு மேல் ரோட்டோடு நின்றது. கோரை ஓரமாக ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். முங்குக் கோழி புல்லை அவசரமாக இழுத்து முட்டையை மூடிவிட்டு முங்கியது. இந்த முறை அதை எல்லோரும் பார்த்தார்கள். நாகலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேச்சியம்மா முட்டளவு தண்ணீரில் நின்று கும்பிட்டுவிட்டுத் தீச்சட்டி எடுத்தாள். எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். நான் போகவில்லை. மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வருமா? வராதா? மங்கல் நேரத்தில் தண்ணீர் அசைந்தது. முங்குக் கோழி கூட்டில் ஏறி உட்கார்ந்தது.

ஓடினேன். எழுபது வயதில் கோயில் வரை ஓடினேன். பேச்சியம்மா சட்டியை இறக்கிவிட்டு நின்றாள். "வந்துருச்சு" என்றேன். என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

02.05.2004, ஞாயிறு

தாயின் முதுகில் குஞ்சு! தலையில் வரி வரியாகக் கோடு!

ஆண்டியப்பன் காலையிலேயே வந்து நின்றார். "எங்க மச்சான்? எனக்கு எல்லாம் வெள்ளையாத்தான் தெரியுது."

"அப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் மச்சான்."

"போனா எழுதவும் வருமா?" என்றார். கேலியா, உண்மையா தெரியவில்லை.

06.06.2004, ஞாயிறு

மறுபடியும் சிரமதானம். போத்தலும் சொப்பிங் பேக்கும் மட்டும் எடுத்தோம். நடுக் குளத்தில் ஒரு அழுகின புல் குவியல் மிதந்தது. நாகலெட்சுமி கம்பை நீட்டி, நிறுத்தி, என்னைப் பார்த்தாள். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் ஆண்டியப்பனைப் பார்த்தார்.

"கெடக்கட்டும்" என்றார் ஆண்டியப்பன்.

பின்னேரம் வரை வாசலில் இருந்து பார்த்தேன். ஒரு பறவையும் அதன் கிட்டப் போகவில்லை. அது வெறும் அழுகின புல்தான். எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. இன்னும் அங்கேதான் மிதக்கிறது.