பொட்டு வைத்த கட்டைகள்

பாதி வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்த என் பாசமுள்ள அண்ணிக்கு,

நீங்கள் இல்லாத முதல் தீபாவளி வரப்போகிறது. சிங்கப்பூர் களை கட்டிவிட்டது, சிராங்கூன் ரோட்டில் விளக்குத் தோரணம் கட்டிவிட்டார்கள். ஈசூன் வீட்டில் அண்ணன் சமைக்கிறேன் பேர்வழி என்று ரசத்தைச் சாம்பார் மாதிரி வைக்கிறார். வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறோம். அவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்தது நாம் சேர்ந்து செய்த கம்ப்யூட்டர் மேஜையைப் பற்றி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? லிட்டில் இந்தியாவில் பரோட்டா சாப்பிடப் போனோம். பக்கத்து மேஜையில் கட்டுமான வேலை ஆட்கள் மறுநாள் கிரேன் வேலையைப் பற்றி ஒரே வாக்குவாதம். அவர்களில் பெரியவரான முருகேசன் அண்ணன் தே தாரிக் டீ கிளாஸை நடுவில் நகர்த்தி, "இதுதான்யா கிரேன். இந்தக் கரண்டிதான் அதோட கை. குழம்புக் கிண்ணம் பில்டிங்" என்றார். தமிழ் அவ்வளவாகத் தெரியாத வங்காளதேசத்து ரஃபீக் கரண்டியைச் சுற்றித் திருப்பி, கிண்ணத்தில் இடிப்பதைக் காட்டித் தலையை ஆட்டினார். அத்தோடு சண்டை முடிந்துவிட்டது.

நீங்கள் பரோட்டாவை அப்படியே விட்டுவிட்டு என்னை முழங்கையால் இடித்தீர்கள். "பாத்தியா மாலா? இவங்க கைக்கு எல்லாம் தெரியுது. கம்ப்யூட்டர் இந்தக் கையைப் பாத்துப் புரிஞ்சுக்கட்டுமே. இவங்க எதுக்கு டேப்லெட் ஸ்கிரீனைக் குத்திக்கிட்டு இருக்கணும்?" உங்கள் திருச்சிக் குரல் கடை முழுக்கக் கேட்டது. முருகேசன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்துவிட்டீர்கள். வெட்கம் என்பதே கிடையாது உங்களுக்கு!

அப்படி ஒரு மேஜையைச் செய்துபார்க்கத்தான் ஜாலான் புசாரில் அந்த மாடி அறையைப் பிடித்தோம். கீழே இருந்த ஹார்டுவேர் கடையில் மரம் வாங்கிக் கட்டைகளாக அறுத்தோம். ஒரு கட்டை கிரேன், ஒன்று லாரி, ஒன்று இரும்பு உத்தரம். ஒவ்வொன்றின் தலையிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட ஒரு ஸ்டிக்கர். மேலே தொங்கும் கேமரா அதைப் பார்த்து எது என்ன என்று கண்டுபிடிக்கும். கிரேன் கட்டையைக் கையால் நகர்த்தினால் அதன் கை எட்டும் தூரம் மேலே இருக்கும் ப்ரொஜெக்டரிலிருந்து மேஜையில் பச்சை வெளிச்சமாக விழும். எதிலாவது இடிக்கும் என்றால் சிவப்பு.

நான் அடித்துச் சொல்கிறேன் அண்ணி, இனி கம்ப்யூட்டர் இப்படித்தான் வரவேண்டும். டேப்லெட்டை ஒருவர் கையில் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதற்குப் பெயர் கூட்டு வேலையா? கையுறை போட்ட விரலை அந்தக் கண்ணாடி மதிப்பதே இல்லை. வியர்வை பட்டால் பேய் பிடித்த மாதிரி தாவுகிறது. நம் மேஜையில் எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

இவ்வளவு பெருமை பேசினாலும், ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. "கம்பெனி ஓகே சொல்லிட்டா போதும்னு நிறுத்திடாதே. ஆளுங்க இதைத் தங்களோட சாமான்னு நினைக்கணும். அப்படி நினைக்கலைன்னா இது தோத்துடுச்சுன்னு அர்த்தம். மூட்டை கட்டிடு." எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருவர் மனதில் என்ன நினைக்கிறார் என்று நான் எந்தக் கேமராவை வைத்துப் பார்ப்பது?

உண்மையைச் சொல்கிறேன், இத்தனை மாதமும் அவர்கள் அப்படி நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை. முருகேசன் அண்ணன் ஆட்கள் வேலை செய்யும் சைட் ஆபீஸில் மேஜையைப் போட்டேன். மேனேஜர் மிஸ்டர் டான் சொன்னதால் காலையில் வந்து நின்றார்கள், கட்டையை நகர்த்தினார்கள். "பொம்மை மேஜை" என்று பெயர் வைத்தார்கள். "மேடம், விளையாடி முடிச்சாச்சு, வேலைக்குப் போகவா?" என்று முருகேசன் அண்ணனே கிண்டல் செய்தார். சிரித்து வைத்தேன்.

போன வாரம் மிஸ்டர் டான் முடிவாகச் சொல்லிவிட்டார். ஒரு பெரிய உத்தரத்தைத் தூக்க வேண்டும். அவர் முன்னால் மேஜையில் திட்டம் போட்டுக் காட்டவேண்டும். சரியாக வந்தால் எல்லா சைட்டுக்கும் மேஜை, இல்லையென்றால் பழையபடி டேப்லெட். அவர் குறித்த நாள் விஜயதசமி என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று காலையில் போய் மேஜையை ஆன் செய்தேன். கிரேனை லாரி என்றது. உத்தரம் அதன் கண்ணில் படவே இல்லை. குனிந்து பார்த்தால், ஒவ்வொரு கட்டையின் தலையிலும், சரியாக ஸ்டிக்கரின் நடுவில், சந்தனம்! அதன் மேல் குங்குமம்! கேமராவின் கண்ணுக்குக் கறுப்புக் கட்டம் சந்தனத்தால் வெளுத்திருந்தது, வெள்ளைக் கட்டம் குங்குமத்தால் கறுத்திருந்தது.

"யாருண்ணே இந்த வேலையப் பாத்தது?" என்று கத்திவிட்டேன்.

"நாங்கதான் மேடம். நேத்து ஆயுத பூசைல்ல? ஸ்பேனர், செயின், கொக்கி, எல்லாத்துக்கும் வச்சோம்" என்றார் முருகேசன் அண்ணன், ஏதோ நான்தான் தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி.

துடைக்கத் துணியை எடுத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். "மறுபூசை இன்னும் ஆகலை மேடம். சூடம் காட்டிட்டுத்தான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி கை வைக்காதீங்க." அந்த நேரம் பார்த்து மிஸ்டர் டானின் கார் வந்து நின்றது. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்!

ஆனால் அவர் தங்கமான மனுஷர். விஷயத்தைச் சொன்னதும், "கேன் லா, பூஜை முடியட்டும்" என்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். சூடம் காட்டினார்கள். அவர் கையிலும் பொரிகடலை கொடுத்தார்கள். அதைத் தின்றபடியே, "இப்ப மேஜை வேலை செய்யுமா?" என்று கேட்டார்.

துடைத்தால் சந்தனம் ஈரத்தில் இழுபட்டு ஸ்டிக்கரே பாழாகிவிடும். சரி, பொட்டோடு பார்க்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று துணிந்துவிட்டேன். முருகேசன் அண்ணன் ஒவ்வொரு கட்டையாகக் கேமராவுக்குக் காட்டினார், "இது கிரேன், இது லாரி" என்று நான் பதிந்துகொண்டே போனேன். பச்சை வெளிச்சம் மறுபடி விழுந்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. முருகேசன் அண்ணன் கிரேனை நகர்த்த, ரஃபீக் உத்தரத்தைத் திருப்ப, ஆட்கள் சாப்பிடும் கொட்டகைப் பக்கம் சிவப்பு விழுந்தது. "அங்க வேணாம், பின்னால கொண்டா!" என்று ஒருவர், "லாரியை முதல்ல வெளிய அனுப்பு!" என்று இன்னொருவர். மேஜை முழுக்கக் கைகள். மிஸ்டர் டான் பொரியை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் பச்சையானதும், "ஓகே. எல்லா சைட்டுக்கும் செய்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் குதித்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே? அப்போதுதான் அலமாரியில் இருந்த டேப்லெட் கண்ணில் பட்டது. பளபளவென்று இருந்தது, ஒரு பொட்டு இல்லை.

"அண்ணே, அதுக்கு வைக்கலையா?"

முருகேசன் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது ஆபீஸ் சாமான் மேடம். அதுக்கு எதுக்கு நாங்க வைக்கணும்? இதுதானே நம்ம சாமான்."

கட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், பொட்டு கலையாமல். நான் வெளியே வந்து, கம்பிக் குவியலுக்குப் பின்னால் நின்று, அண்ணி அண்ணி என்று விம்மி விம்மி அழுதேன். சந்தோஷம்தான். நீங்கள் இல்லையே என்ற ஆத்திரமும்தான். இதை நீங்கள் காதால் கேட்டிருக்க வேண்டாமா?

சரி, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த சைட்டுகளுக்கான கட்டைகளை இன்று வரைய ஆரம்பித்துவிட்டேன். ஸ்டிக்கரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு கட்டையின் தலையிலும் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் மரமாக விடுகிறேன். எதற்கு அந்த இடம் என்று கேட்பவர்களிடம், வருஷத்துக்கு ஒரு நாள் வரப்போகும் பொட்டுக்கு என்று சொல்வேன். இனி நான் செய்கிற எந்தக் கருவியிலும் அந்த இடம் இருக்கும். சத்தியம்.

உங்களோடு சண்டை போட்டே வேலை கற்ற நாத்தனார்,
மாலா