முப்பத்தோராம் பக்கம்

பட்டுச்சேலைகளைப் பிரித்து மடித்து வைக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். அடித்தட்டிலிருந்து தைல வாசனை வந்தது. எங்கள் வீட்டில் யாரும் தைலம் தேய்ப்பதில்லை. எழுத உட்கார்ந்ததும் நெற்றியில் தேய்த்துக்கொண்டு, அதே விரலால் தாளைப் புரட்டுகிறவள் நீ ஒருத்திதான். சேலைகளுக்கு அடியில் உன் நீல ஃபைல் கிடந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சேலைகளை ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, கடைசியாகத்தான் அதை எடுத்தேன்.

எழுத்துக் கூட்டம் ஒன்று நடத்தலாம் என்று நீ சொன்ன அன்று கல்லூரி ஸ்டாஃப் ரூமே சிரித்தது. "பிள்ளைகளுக்குத்தான் ஸ்டடி அவர் வப்பாங்க, வாத்தியாருக்குமா?" என்றார் தமிழ்த்துறை அண்ணாச்சி. நீ அசரவில்லை. "பிஎச்டிய முடிக்கணும்னு எல்லாருந்தான் சொல்லுதோம் அண்ணாச்சி. வீட்டுல உக்காந்தா குக்கர்லா கூப்பிடுது" என்றாய். சனிக்கிழமை காலை, யாரும் புழங்காத பழைய லேப் அறை, ஆறு பெண்கள், ஒரு அலாரம் கடிகாரம். ஐம்பது நிமிஷம் எழுத்து, பத்து நிமிஷம் டீயும் பேச்சும். எழுதியதை வேறு பாடத்துக்காரியிடம்தான் வாசிக்கக் கொடுக்க வேண்டும் என்பது உன் சட்டம். அவளுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்பாய். நீ பொருளாதாரம், நான் கணக்கு. அப்படித்தான் உனக்கு நான் வாய்த்தேன்.

அடுத்த மே மாத லீவில் எங்களை மூன்று நாள் வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு தோப்பு வீட்டுக்குக் கூட்டிப் போனாய். புருஷனிடமும் மாமியாரிடமும் ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினோம். போன உடனே எல்லோருடைய செல்போனையும் வாங்கித் தூக்குவாளியில் போட்டு மூடினாய். மத்தியானச் சாப்பாடு வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. சங்கரன்கோவிலைச் சுற்றிப் பூப்பறிக்கப் போகும் பெண்களைப் பற்றிய உன் ஆய்வின் கடைசி அத்தியாயத்தை நீ நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாய். நான் எதிரே உட்கார்ந்து நோட்டின் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் பட்டியல் போட்டேன். சாயங்காலம் எல்லோரும் எத்தனை பக்கம் எழுதினோம் என்று சொல்ல வேண்டும். நான் வாய் கூசாமல் "ரெண்டு" என்றேன். மூன்று நாளில் நீ நாற்பது பக்கம் முடித்திருந்தாய்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஃபைலை என் மடியில் வைத்தாய். "ஏட்டி, கைடுகிட்டகூட இன்னும் காட்டல. உனக்குத்தான் முதல்ல தாரேன். கடைசி வரைக்கும் வாசிச்சிட்டுச் சொல்லு."

பீரோ அடித்தட்டில் வைத்ததோடு சரி, நான் அதைப் பிரிக்கவே இல்லை. விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் இருந்தது. ஆனால் உண்மைக் காரணம் பொறாமை. உன் தாளைத் தொடப் போனாலே என் காலி நோட்டுதான் கண்ணில் வந்து நின்றது. ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை இடைவேளையில், ஃபிளாஸ்கைச் சாய்த்து டீ ஊற்றிக்கொண்டே கேட்டாய்.

"வாசிச்சியாட்டி?"

"வாசிச்சேன். நல்லா இருக்கு."

"முழுசுமா?"

"முழுசுந்தான்."

பாதி டம்ளரோடு ஃபிளாஸ்கை நிமிர்த்திவிட்டு என்னைப் பார்த்தாய். "சரிட்டி" என்றாய். ஃபைலைத் திருப்பிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம், ஒரே பஸ்ஸில்தான் போனோம். நீ ஆய்வை முடித்தாய், அடுத்த வருஷம் பட்டம் வாங்கினாய், ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாய். எனக்கு மட்டும் இரண்டு. அந்த மார்கழியில் ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவள், தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே போய்விட்டாய்.

ஃபைல் கிடைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையே, பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்து நாற்பது பக்கத்தையும் வாசித்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் பதினான்காவது பெண் பேசுகிறாள். பூப்பறித்த ஈரச் சேலையோடு, மகள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். யார் இது என்று மகளின் தோழிகள் கேட்டிருக்கிறார்கள். "எங்க வீட்டு வேலைக்காரி" என்றிருக்கிறாள் மகள். "ஆமாம்மா, வேலைக்காரிதான்னு நானும் சொல்லிட்டு வந்துட்டேன்" என்கிறாள் அந்தத் தாய். அதற்குப் பக்கத்தில், தாளின் ஓரத்தில், பென்சிலில் உன் சாய்ந்த எழுத்து.

"ஏட்டி, அந்த மக நாந்தான். இதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. இத வைக்கவா, எடுத்துரவா? நீ சொல்லுதபடி செய்யுதேன்."

இதற்குத்தான் நான் நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் கல்லூரி லைப்ரரியில் உன் ஆய்வேட்டைக் கேட்டு வாங்கினேன். கெட்டி அட்டை, தங்க எழுத்து. கடைசி அத்தியாயத்தைத் தேடிப் பிரித்து, விரல் வைத்து எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். பதிமூன்று பெண்களோடு முடிந்துவிடுகிறது.

சனிக்கிழமைக் கூட்டம் இப்போதும் நடக்கிறது. அலாரத்துக்குச் சாவி கொடுக்கிறவள் நான்தான். உன் நாற்காலியில் விலங்கியலுக்குப் புதிதாக வந்த பெண் உட்காருகிறாள். அவள் தைலமெல்லாம் தேய்ப்பதில்லை, ஆனாலும் வாசனை வருகிறது. இடைவேளையில் யாராவது டீ ஊற்றினால் "முழுசுமா?" என்று காதருகில் கேட்கிறது, நான் டம்ளரை நீட்டாமல் இருந்துவிடுகிறேன். யார் எழுதியதைக் கொடுத்தாலும் கடைசி வரி வரை வாசிக்கிறேன். வாசித்த பிறகு ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஓரத்தில் பென்சில் எழுத்து ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். என்ன மேடம் தேடுதீங்க என்று கேட்கிறார்கள். ஒன்றுமில்லை என்கிறேன். அதுவும் பொய்தான்.

முழுசும் வாசிச்சிட்டேன்ட்டி. அம்மைய எடுக்காத.