நான் காப்பி அடித்த காது பரிசோதனை

அனுப்புநர்:
தையல் மெஷின் பழுது பார்ப்பவர்,
புற்றுநோய்ப் பிரிவு, நோயாளி அட்டை எண் 417.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
மருத்துவமனை நிர்வாக அலுவலகம்.

பொருள்: காது பரிசோதனைப் படிப்பு மாணவர்களுக்குப் புற்றுநோய் வார்டில் தரப்படும் மூன்று மாதப் பயிற்சியை நிறுத்தும் அறிவிப்பை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மருத்துவமனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தொண்டையில் இருந்த கட்டி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. சாப்பாடு இறங்குகிறது. நர்ஸ் அம்மாக்கள் தங்கமானவர்கள். புகார் என்று எழுதவே கை கூசுகிறது. இருந்தாலும், நேற்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் படித்தபின் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

2. மேற்படி மாணவர்கள் அடுத்த மாதம் முதல் எங்கள் வார்டுக்கு வரவேண்டாம், அரை நாள் வகுப்பே போதும் என்கிறது அந்தத் தாள். யாருடைய காதாக இருந்தாலும் பரிசோதனை ஒன்றுதான் என்று அதில் காரணம் காட்டப்பட்டுள்ளது. அது சரியல்ல என்பதற்கு நானே சாட்சி. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், குற்றவாளியும் நானே.

3. எனக்கு ஏற்றப்பட்ட மருந்து கட்டியோடு சேர்த்துக் காதையும் பதம் பார்க்கக்கூடியது என்பதால், ஒவ்வொரு டிரிப்புக்கு முன்பும் காதைப் பரிசோதிப்பார்கள். என் பிழைப்பே காதில்தான் இருக்கிறது. மெஷினை ஓடவிட்டுக் கேட்டாலே ஊசி வளைந்திருக்கிறதா, ஷட்டில் உரசுகிறதா என்று சொல்லிவிடுவேன். முதல் டிரிப்புக்குப் பிறகு அந்த மெல்லிய உரசல் எனக்குக் கேட்கவில்லை. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

4. காரணம் பயம், ஐயா. காது போகிறது என்று தெரிந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், கட்டி மறுபடி வளர்ந்துவிடும் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். ஆகவே இரண்டாவது பரிசோதனையில் காப்பி அடித்தேன். புதிதாக வகுப்பிலிருந்து வந்த ஒரு தம்பி என்னைக் கண்ணாடித் தடுப்புக்கு நேராக உட்கார வைத்துவிட்டு, அந்தப் பக்கமிருந்து மெஷினில் சத்தம் கொடுத்தார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கோ சத்தம் கேட்கவில்லை, ஆனால் அவர் தோள் அசைவது நன்றாகத் தெரிந்தது. அசையும்போதெல்லாம் அழுத்தினேன். காது பிரமாதமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. நோயாளி இப்படியும் செய்வான் என்று எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்?

5. மூன்றாவது முறை வந்தவர், நாங்கள் ‘காதம்மா’ என்று கூப்பிடும் பயிற்சி மாணவி. எங்கள் வார்டில் அவருக்கு அது மூன்றாவது மாதம். வந்ததும் பரிசோதனையை ஆரம்பிக்கவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வாந்தி நின்றதா, தூக்கம் வருகிறதா என்று விசாரித்தார். நடுவில் சளி பிடித்தவர்போல் வாயைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ கேட்டார். நான் அசடு வழியச் சிரித்துத் தலையாட்டினேன். என் வயதைக் கேட்டாராம்.

6. பிறகு பரிசோதனை அறையில் என் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். அவ்வளவுதான், குட்டு உடைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. “இது பரீட்சை இல்லைங்க ஐயா. மருந்தை நிறுத்த மாட்டாங்க, மாத்துவாங்க. பயந்துட்டு மறைக்கிறவங்க இந்த வார்டுல நிறைய பேரு, நீங்க ஒண்ணும் புதுசு இல்ல” என்றார். உடனே பெரிய டாக்டரிடம் ஓடினார். மருந்து மாறியது. போன சத்தம் திரும்பாது, ஆனால் மிச்சம் அப்படியே இருக்கிறது. கட்டியும் கரைந்துகொண்டே வருகிறது.

7. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, “நான் கூப்பிட்டா கேக்காத காது, அங்க மட்டும் எல்லாம் கேட்டுச்சாக்கும்” என்று வார்டு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவள் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. அந்த மகராசி மாணவிக்குக் கோடிப் புண்ணியம்.

8. எனக்கு இன்னும் இரண்டு டிரிப் பாக்கி உள்ளது, இரண்டும் அடுத்த மாதம். புது மருந்தும் காதை முழுதாக விட்டுவிடும் என்று சொல்ல முடியாதாம், பரிசோதனை தொடர வேண்டுமாம். இனிமேல் ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதித் தரத்தான் நினைத்தேன். ஆனால் தங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. டிரிப் ஸ்டாண்டைப் பார்த்தாலே எனக்குப் புத்தி மாறிவிடுகிறது, ஐயா. பயம் வந்தால் மறுபடியும் ஏமாற்றுவேன். என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தெரிந்த ஒருவரை அந்த அறையில் வைக்கும்படி, இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: பதினொன்றாம் தேதி, செவ்வாய்
இடம்: இரண்டாம் மாடி, காத்திருப்புக் கூடம்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
நோயாளி அட்டை எண் 417