ஞாயிற்றுக்கிழமை மேட்டில் ஜீப்பு ஓடாது

ஜூலை 3, வியாழன்
சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்கு, கிளம்பும் முன்பே மலை தெளிவா மூட்டமா என்று சொல்லும் சேவை. ஆறு மாதமாக நான் கட்டியது. எல்லாம் சரி, போடிமெட்டு மலைமேட்டு மேகம் மட்டும் பிடிபடவில்லை. மார்ச்சில் வந்த பவித்ரா இன்று சொல்கிறாள்: தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புக்காரர்கள் மேட்டில் நின்று போனில் ஒரு தகவல் தட்டினால் போதுமாம். அவள் அப்பா பேச்சிமுத்துவே ஜீப்பு ஓட்டுகிறவர். ஆபீஸ் நடத்தும் செழியன் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எனக்கு அவர் ஒருநாளும் எழுந்ததில்லை.

மேட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? இதில் என்ன கெட்டிக்காரத்தனம்?

ஜூலை 5, சனி
அண்ணன் டீ வாங்கிவந்தார். முதல் கிளாஸ் அவளுக்கு.

ஜூலை 9, புதன்
ஜீப்புத் தகவலை அவள் சேவையில் சேர்த்ததைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. அவள் சாப்பிடப் போனபோது, திரையில் விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் போன ஞாயிற்றுக்கிழமை வானிலையைப் போட்டு ஓட்டினேன். விமானம் மலையில் மோதியது. இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன். அதேதான்.

ஞாயிறு தோட்டம் லீவு. ஜீப்பு ஓடாது, தகவல் வராது. புதிது வராவிட்டால் பழையதே நிற்கும்படி வைத்திருக்கிறாள். சனி சாயங்காலத்துத் 'தெளிவு' ஞாயிறு முழுக்க 'தெளிவு'. மேட்டுக்காரிக்கே தோன்றவில்லை! சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல்தான் எழுதுகிறேன்.

'சரி' என்று போட்டுவிட்டேன்.

ஜூலை 10
சொல்லிரலாமா? — சொன்னா யாருக்குப் பேரு? அவளுக்குத்தானே.

ஜூலை 14, திங்கள்
சேவையைச் சிமுலேட்டரில் சோதிக்க விமானி விஜயகுமார் சார் வந்தார். நேற்றைய நாளைப் போடச் சொன்னார். நேற்று ஞாயிறு. 'மலை தெளிவு' என்றது எங்கள் சேவை. திரை வெள்ளையானது, பிறகு பாறை. அவர் கையை எடுத்துவிட்டு, "நெசத்துல பக்கத்து சீட்டுல எம் மக இருப்பா" என்றார்.

பவித்ரா அழவில்லை. தன் தப்பு என்றாள்.

நான் நெனச்ச சந்தோஷம் வரல. என்ன பொம்பள நான்?

ஜூலை 15
பவித்ராவை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடலாமா என்று அண்ணன் என்னிடம் கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்க என்ன இருக்கு?

ஜூலை 17, வியாழன்
அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். இனி நான் செய்வதை அவள் சரிபார்க்கட்டும் என்றார். பிறகு அவளிடம் போனேன். எனக்கு முன்பே தெரியும் என்றேன்.

"தெரியும்க்கா. மூணு தடவ ஓட்டிருக்கீங்க. சிமுலேட்டர்ல பதிவு இருக்கு, திங்கக்கெழமையே பாத்துட்டேன்."

அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

இதிலும் அவள்தான் முன்னால்.

ஜூலை 20, ஞாயிறு
ஞாயிற்றுக்கிழமைத் தகவல் அனுப்பும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் பஸ்சில் மேட்டுக்கு வந்தேன். டீக்கடையில் பவித்ராவின் அப்பா பேச்சிமுத்து, "லீவு நாள்ல என்ன சோலி ஆத்தா?" என்றார். மூட்டம் பார்க்க வந்ததாகச் சொன்னேன். அதுக்கு ஒரு பஸ்சா என்று சிரித்தார்.

காலை 6.40. மூட்டம். பத்தடிக்கு அப்பால் ரோடு இல்லை. அனுப்பினேன். அனுப்பிய கையோடு, சரிபார்த்தவர் பெயர் வந்துவிட்டது: பவித்ரா.

இவளுக்குத் தூக்கமே வராதா?