இரண்டு பக்கம் முந்திப்போன அப்பாவுக்கு

என் அன்புக் கள்ள அப்பா,

இப்போது எங்கே இருக்கிறீர்கள்? கனவில் தேடினால் மெத்ரோ ரயிலின் மஞ்சள் பாதையில்தான் அகப்படுகிறீர்கள். ஆற்றுக்கு அடியால் அக்கரை லொங்குய்ய் போகும் ரயிலில் நீங்களும் நானும் மட்டும். கண்ணாடிக்கு வெளியே சுவர் இல்லை, பச்சைத் தண்ணீர். மீன்கள் உள்ளே எட்டிப் பார்க்கின்றன. நீங்கள் வசனம் பாடமாக்குகிறீர்கள். நிறுத்தம் வருவதே இல்லை. எனக்கும் இறங்க மனமில்லை.

எங்கள் பகுதியான செயின்ட்-மிஷேலில் பனி கரைந்துவிட்டது. வெளிப்படிக்கட்டுக்குக் கீழே நீங்கள் தொலைத்த கையுறை ஒன்று வெளிப்பட்டது. அம்மா அதைத் தோய்த்து ஹீற்றரின் மேல் காயவைத்தா. மற்றதைத் தேடவேண்டாம். அதை நவம்பரிலேயே ஒளித்துவைத்தது நான்தான்.

இந்தக் கடிதத்தை நாடக மலரில் போடுகிறோம். உங்களைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குறுக்கே கதைக்கக் கூடாது.

ஊரில் உங்கள் முதல் வேடம் ஈட்டி பிடித்த காவலன். வசனமே இல்லை. அரசன் உருக்கமாய்ப் பேசும் நேரம் பார்த்துத் தும்மி, முழுச் சனத்தையும் உங்கள் பக்கம் திருப்பினீர்களாம். பிறகு இங்கே வந்து, டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறை. எங்கள் ஆட்கள் அதைக் கோப்பை கழுவுகிற வேலை என்பார்கள். நீங்கள் மட்டும் மாற்றிச் சொல்வீர்கள்: “கிழமைநாளிலை பாத்திரம் கழுவுறன், ஞாயிற்றுக்கிழமை பாத்திரமாகிறன். ரெண்டும் மினுங்கவேணும், பிள்ளை.”

சாப்பாட்டு ஓடர் எழுதும் துண்டுகளின் பின்பக்கத்தில்தான் நாடகங்களை எழுதினீர்கள். உங்கள் அரசர்களின் வசனத்திலெல்லாம் சூப் மணக்கும். தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் முதல் நாடகம்: பாசக்கயிற்றோடு வந்த எமன் ரயில் மாறத் தெரியாமல் மெத்ரோவின் பச்சைப் பாதையில் சுற்றுவது. எழுதியவர், எமனாய் நடித்தவர், கதிரை அடுக்கியவர் எல்லாம் நீங்கள்.

அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு நாடகத்திலும் கடைசிக் காட்சியில் நீங்கள் சாவீர்கள். ஏனப்பா என்று கேட்டேன். “நான் செத்தால்தான் சனம் கடைசிமட்டும் இருக்கும். இல்லாட்டி வடை முடிஞ்சவுடனை எழும்பிப் போயிடும்.”

ஐஸில் வழுக்கிச் செத்தீர்கள். பழைய காதலியின் கல்யாண வீட்டில், பந்தியில் இருந்தபடியே செத்தீர்கள். ஒருமுறை குத்துப்பட்டுச் சாகவேண்டியிருந்தது. இரத்தத்துக்கு வைத்திருந்த தக்காளிச் சோஸை எடுத்துவிட்டு நான் மிளகாய்ச் சோஸ் ஊற்றிவைத்தேன். அது வாய்க்குள் போனதும் பிணத்தின் இரண்டு கண்ணாலும் தண்ணீர் ஓடியது. “செத்த பிறகும் அழுகிறானடா, மனுசன்!” என்று சனம் உருகியது. வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் என்னை ஏசவில்லை. “அடுத்தமுறை கொஞ்சம் குறைச்சு ஊத்து” என்றீர்கள்.

இனித்தான் நான் இதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொல்லவேண்டும்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம், ஒத்திகை. மூன்றாம் மாடி வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கிழவர் நீங்கள். கதிரையில் இருந்தபடி பக்கத்து வீட்டுக்காரரோடு இரண்டு பக்கம் கதைத்துவிட்டு, கடைசியில் தலை சாயவேண்டும். நீங்கள் அந்த வசனம் தொடங்க முதலே, தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையிலிருந்து சரிந்தீர்கள்.

நான் பின் வரிசையிலிருந்து கத்தினேன்: “அப்பா, இப்ப இல்லை! இன்னும் ரெண்டு பக்கம் கிடக்கு!”

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரராக நடிக்கும் வரதன் மாமா, “ஐயாவுக்கு இண்டைக்கு வீட்டை போற அவசரம்” என்றார். யாரோ கைதட்டினார்கள்.

அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நீண்டது, அப்பா? உங்களுக்குக் கேட்டதா? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாராவது முந்தி ஓடிவந்திருப்பார்களா?

நீங்கள் போனபிறகும் நாடகத்தைக் கைவிடக் கூடாது என்று எல்லாரும் முடிவெடுத்தார்கள். உங்கள் வசனம் முழுக்கப் பாடமாய் இருந்தது எனக்குத்தான். மகள் நான் ஒட்டுத்தாடியோடு கிழவர் ஆனேன். எல்லாம் சரியாக வந்தது, சாவு மட்டும் வரவில்லை. ஒரு ஞாயிறு மூக்குக் கடிக்கிறது, சொறியவேணும் என்றேன். மறு ஞாயிறு தாடியைக் கழற்றி வரதன் மாமாவின் மொட்டைத்தலையில் ஒட்டிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“செத்துத் துலையன், பிள்ளை! நான் வேலைக்குப் போகவேணும்.”

“மனம் வந்தாத்தானே மாமா சாகலாம்!”

அன்றைக்கு என் முகத்தில் தாடி ஒட்டிய பசையைத் துடைத்துவிட்டவர், எங்களுக்கு ஒப்பனை செய்ய வரும் டாக்டர் அன்ரி. சென்னைக்காரர். பெரியாஸ்பத்திரியில் இதயத்துக்கு வைத்தியம் பார்ப்பவர். “ஏன்டா கண்ணா, அந்த இடம் வந்தாலே கோமாளித்தனம் பண்றே?” என்று மெதுவாகக் கேட்டார். பசைதான் கண்ணை எரிக்கிறது என்றேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன், என் சத்தத்தால்தான் எல்லாரும் சிரித்து நேரம் போனது என்று.

பஞ்சை வைத்துவிட்டு அவர் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“அன்னிக்குக் கைதட்டினது யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நான்தான். முன் வரிசையில உக்காந்திருந்தேன். முப்பது வருஷமா இதய டாக்டரா இருக்கேன். உங்கப்பா விழுந்ததைப் பார்த்து, ‘ஆஹா, என்னமா விழுறார்!’ன்னு தட்டினேன்டா.”

அவர் பஞ்சை எடுத்து மறுபடி வைத்தார்.

“அரை நிமிஷம்தான் போச்சு. அப்புறம் ஓடிவந்து எல்லாம் பண்ணிப் பார்த்தேன். அந்த அரை நிமிஷத்துல எதுவும் மாறியிருக்காது. இதை டாக்டரா சொல்றேன். ஆனா ராத்திரி தூக்கம் வராதப்போ நானும் அதையேதான் எண்ணிட்டிருக்கேன்.”

நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவர் மூக்கைச் சீறிக்கொண்டு, “இந்த மனுஷன் கொஞ்சம் மோசமா நடிச்சிருக்கக் கூடாதா?” என்றார். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. பாருங்கள் அப்பா, ஒரு டாக்டரையே ஏமாற்றிவிட்டீர்கள். என் குறும்பெல்லாம் அதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

பிறகு ஒத்திகை மேடையில் ஏறி, கதிரையில் இருந்து, இரண்டு பக்கத்தையும் சொல்லித் தலையைச் சாய்த்தேன். கண்ணை மூடினால் அங்கே எவ்வளவு அமைதி! எல்லாரும் மூச்சு விடுவது மட்டும் தூரத்து அலைபோலக் கேட்கிறது. இதற்காகத்தானா ஒவ்வொரு முறையும் செத்தீர்கள்?

வருகிற ஞாயிறு நாடகம். அம்மாதான் வரமாட்டேன் என்றா.

“உன்னையும் அந்தக் கதிரையிலை அப்பிடிப் பாக்க எனக்கு ஏலாது.”

“நான் எழும்புவன், அம்மா.”

“எப்ப? திரை மூடின பிறகோ?”

“இல்லை, மூட முதல். எல்லாரும் பாக்க.”

“கொப்பர் ஒருநாளும் அப்பிடி எழும்பினதில்லை. அவரின்ரை நாடகத்தைக் கெடுக்கப்போறியோ?”

“ஓம்.”

“அப்ப எனக்கு முன் வரிசையிலை ஒரு கதிரை பிடிச்சு வை” என்றா அம்மா.

வரதன் மாமாவுக்கு இது தெரியாது. நாடகம் முடிந்த பிறகுதான் இந்த மலரை எல்லாருக்கும் கொடுப்போம். ஏசுவதென்றால் அவரும் நீங்களும் பிறகு சேர்ந்து ஏசுங்கள்.

உங்கள் இரண்டு பக்கத்தையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வேன், அப்பா. நீங்கள் எழுதியபடியே சாவேன். பிறகு கண்ணைத் திறந்து, தாடியோடேயே இறங்கி, நேரே அம்மாவிடம் போவேன். இது பகிடி இல்லை, சத்தியம்.

எழும்பி வரப்போகிற உங்கள் ஒரே மகள்,
ஆரணி