நாலு அடி மெதுவாக

மச்சான்,

காலையிலிருந்து பள்ளிக்கூட மைதானத்தில் ஒலிபெருக்கி கத்துகிறது. விளையாட்டுப் போட்டிக்கு ஒத்திகையாம். ஏதோ வெளிநாட்டுப் பெரிய வாத்தியக் குழு வாசித்த அணிநடையைப் போட்டுப் பிள்ளைகளை வெயிலில் நடத்துகிறார்கள். உற்சாகமான மேஜர் சுரவரிசை, நிமிர்ந்து நட, நிமிர்ந்து நட என்று பிடரியில் தட்டுகிற வேகம். நல்லாய்த்தான் வாசிக்கிறார்கள், நாசமாய்ப் போக. என் வலது கை தன்பாட்டில் கதிரையில் தாளம் போட்டது. யன்னலைச் சாத்திவிட்டு வந்து உனக்கு எழுதுகிறேன்.

நம் கோயில் பாண்ட் குழுவில் நீ ட்ரம்பெட், நான் பெரிய மேளம். நமக்குத் தெரிந்த அணிநடை ஒன்றே ஒன்று. பெருநாளுக்கு வேகமாக, மேஜரில். பிரேதம் எடுக்கையில் அதையே மெதுவாக, சோகமான மைனரில். "மூண்டாவது சுரத்தை அரைவாசி இறக்கினாக் காணும், கலியாணவீடு செத்தவீடாப் போகும். ஆனா நீ வேகத்தைக் குறைக்காட்டி ஒருத்தனுக்கும் விளங்காது" என்பாய். சுரம் உன் பொறுப்பு, வேகம் என் பொறுப்பு.

சண்டை முடிந்த அன்று, பதிவுக்கென்று ஆமிக்காரர் கேட்டார்கள் என்று உன் மகனை நீயே கூட்டிக்கொண்டுபோய் அவர்களிடம் ஒப்படைத்தாய். அவன் திரும்பவில்லை. நம் ஊரான தாழ்வுபாட்டுக்கு மீளக் குடியேறி, தகரக் கொட்டிலில் இருந்த நாளில், அவனுக்காக ஒருதரம் மெதுநடையை வாசிக்க ஆசைப்பட்டாய். உன் மனிசி விட்டாளா? "உயிரோட இருக்கிற பிள்ளைக்குச் செத்தவீட்டு வாத்தியமோ? வெக்கமில்லையோ உங்களுக்கு?" என்று ட்ரம்பெட்டைப் பிடுங்கி எறிந்தாள். அவளையும் பிழை சொல்ல முடியாது.

பிறகு வீட்டுத்திட்டத் திறப்பு விழா வந்தது. பெரிய ஆட்களை வரவேற்கப் பாண்ட் வேண்டுமென்று அரசாங்கக் கந்தோரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வெட்கம் கெட்டுச் சம்மதித்தோம். பந்தலுக்குப் போகும் வழியில் என் காதுக்குள் சொன்னாய்: "மச்சான், முடிக்கேக்க நாலே நாலு அடி மெதுவா அடி. நான் சுரத்தை இறக்கிறன். அவளுக்கும் விளங்காது, வந்தவங்களுக்கும் விளங்காது. என்ர பிள்ளைக்கு அது காணும்."

"ஓம்" என்றேன்.

நீ சுரத்தை இறக்கினாய். பந்தலோரம் துவக்கோடு நின்ற ஆமிக்காரன் என் பக்கம் திரும்பினான். சும்மாதான் பார்த்திருப்பான், நான் பயந்துபோனேன். வேகத்தைக் குறைக்கவில்லை. இன்னும் கூட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். நீ இறக்கிய சுரம் அந்த வேகத்துக்குள் அகப்பட்டுப் பிழையாகக் கேட்டது. "அண்ணருக்கு வயசு போட்டுது, சுரம் பிசகுது" என்று பின்னால் பெடியள் சிரித்தார்கள். பெரிய ஆட்கள் கைதட்டினார்கள். பிழை விட்டவன் நான், கெட்ட பேர் உனக்கு.

நீ ஏசியிருக்கலாம். கன்னத்தைப் பொத்தி ஒன்று தந்திருக்கலாம். நீயோ மேளத்தை இறக்கிவைக்கக் கை கொடுத்து, "பரவாயில்லையடா, உனக்கும் பிள்ளையள் இருக்குதுகள்" என்றாய். அந்தச் சொல்லுக்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதன்பிறகு நீ ட்ரம்பெட்டைத் தொடவேயில்லை.

போன மாரியில் உன்னைப் புதைக்கச் சேமக்காலைக்குக் கொண்டுபோனோம். ட்ரம்பெட் வாசிக்க ஆளில்லை, மேளம் மட்டும்தான். உன் வாசலிலிருந்து குழி வரைக்கும் நான் அடித்தேன், நீ அன்று கேட்ட அதே மெதுவில், ஓரடியும் பிசகாமல். "எவ்வளவு உருக்கமா அடிக்கிறார்" என்று சனம் என்னைப் புகழ்ந்தது. பயப்பட ஒன்றுமில்லாத இடத்தில் என் கை நல்லாய்த்தான் மெதுவாக அடிக்கிறது, மச்சான்.